காசு வந்திட்டா எண்டு கேட்க வெட்கப்படாதீங்க

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலரை மணி இருக்கும், கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு பட்டா, சின்ன லொறி, வந்து கேட்டடியில் நின்றது. என்னுடைய பழைய ஜூக்கி தையல் மெசினை ஏற்றிப் போக வந்த வாகனம். ஓட்டி வந்த தம்பி இறங்கிப் பின்கதவைத் திறந்து, கயிறையும் ஒரு பழைய மெத்தைத் துண்டையும் எடுத்து வைத்துவிட்டு, "அக்கா, ஏத்துவமா?" என்று கேட்டார். என் கையில் போன், போனில் 65,000 ரூபாய் என் கணக்குக்கு அனுப்பியதாக ஒரு ஸ்லிப்பின் ஸ்கிரீன்ஷொட். அதை அனுப்பியவர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கோல் எடுத்துக்கொண்டே இருந்தார். "அக்கா, காசு போட்டிட்டன், பாத்தீங்கதானே? கெதியா ஏத்தி விடுங்க, இருட்டுறதுக்குள்ள சம்மாந்துறைக்குப் போகணும்."

அன்றைக்கு மெசின் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று சொல்வதென்றால், அதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால் நான் பறிகொடுத்த நாலு சாறிகளில் இருந்து தொடங்க வேண்டும்.

நான் தைத்துப் பிழைப்பவள். பிள்ளைகளின் சட்டை, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, சாறி பிளவுஸ், இதுதான் தொழில். அதோடு மருதமுனைக் கைத்தறிச் சாறிகளை எடுத்து, படம் பிடித்து, பேஸ்புக்கில் போட்டு விற்பதும் உண்டு. மருதமுனையில் வீட்டிலேயே தறி போட்டிருக்கும் ஒரு ராத்தாவிடம்தான் எடுப்பேன். கையில் காசு இருந்தால் உடனே கொடுப்பேன், இல்லாவிட்டால் விற்ற பிறகு கொடுப்பேன், அவர் ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை. அந்த முறை நாலு சாறியும் கடனுக்குத்தான் எடுத்தேன்.

ஒருவர் மெசேஜ் போட்டார். நல்ல மரியாதையான பேச்சு. மனைவியின் தங்கச்சிக்குக் கல்யாணம், நாலையும் எடுக்கிறேன் என்றார். விலை 21,000 என்றேன், ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குத் தம்பியை அனுப்புகிறேன், அவன் கையில் கொடுத்துவிடுங்கள், காசை இப்பவே போட்டுவிடுகிறேன் என்றார். ஸ்லிப்பும் வந்தது. நான் பையோடு போய் நின்றேன், ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பெடியன் வந்தான், வாங்கிக்கொண்டு போய்விட்டான். காசு அன்றைக்கும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. கேட்டபோது பேங்கில் சிஸ்டம் பிரச்சினை என்றார், பிறகு போயா லீவு என்றார், மூன்றாம் நாள் அவருடைய படமே வாட்ஸ்அப்பில் இருந்து மறைந்துவிட்டது.

இதில் ஒரு விஷயத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அந்தப் பெடியன் முன்னால் நின்றபோது என் பையில் போன் இருந்தது, போனில் பேங்க் ஆப் இருந்தது. திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். ஏன் பார்க்கவில்லை? அவன் முன்னால் நின்று பார்ப்பது அவனைச் சந்தேகப்படுவது போல இருக்குமே என்று வெட்கமாக இருந்தது. "கொஞ்சம் இருங்க தம்பி, காசு வந்திட்டா எண்டு பாத்திட்டுத் தாறன்" என்ற ஒரு வசனம் வாயில் வரவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான் பழகியிருக்கிறோம். சந்திக் கடையில் கொப்பியில் எழுதிவிட்டு அரிசி எடுப்போம், நாளைக்குத் தாறன் என்றால் கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை, அந்த நம்பிக்கையில்தான் ஊர் ஓடுகிறது. அது நல்ல விஷயம், அது போய்விடக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கொப்பி எழுதும் முதலாளிக்கு நம்முடைய அப்பாவையும் தெரியும், வீடும் தெரியும். முகம் தெரியாத ஒருவருக்கும் அதே நம்பிக்கையைத் தூக்கிக் கொடுப்போம் என்று தெரிந்துதான் இவர்கள் வருகிறார்கள். நம்முடைய வெட்கம்தான் அவர்களுக்கு முதலீடு.

அடுத்த கிழமை ராத்தாவிடம் சொல்ல பஸ் ஏறிப் போனேன். கோட்டைக்கல்லாறு, பெரியநீலாவணை தாண்டும்வரை என்ன சொல்வது என்றே ஓடவில்லை. அவர் தறியில் இருந்து எழும்பி வந்து முழுவதையும் கேட்டார். "காசு ஆறுதலாத் தாங்க தங்கச்சி, நூல் காசு மட்டும் கொஞ்சம் கெதியா வேணும்" என்றார். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு நூலும் சாயமும் ஏறிய விலை எல்லாருக்கும் தெரியும். ஒரு சாறிக்கு அவருக்கு இரண்டு நாள் போகும். எட்டு நாள் அவர் இருந்து நெய்ததை நான் ஒரு நிமிடம் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். அந்தக் காசை ஆறு மாதத்தில் கொடுத்து முடித்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்த ஸ்லிப் என்ற சாமானே என்ன என்று விசாரிக்கத் தொடங்கினேன். பேங்கில் வேலை செய்யும் ஒரு அண்ணா இருக்கிறார், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

ஸ்கிரீன்ஷொட் என்பது ஒரு படம், அவ்வளவுதான். பெயரையும் தொகையையும் திகதியையும் மாற்றிப் போட ஐந்து நிமிடம்கூடத் தேவையில்லை. படத்தை மாற்றாமலும் ஏமாற்றலாம். உண்மையான ஆப்பிலேயே நாளைக்குப் போகட்டும் என்று காசு அனுப்பும் கட்டளையைப் போட்டுவிட்டு, அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, பிறகு அந்தக் கட்டளையை அழித்துவிடலாம். ஸ்லிப் உண்மை, காசு பொய்.

அப்புறம் காசு எவ்வளவு நேரத்தில் வரும் என்பது. இங்கே ஒரு பேங்கில் இருந்து இன்னொரு பேங்குக்கு ஆப்பில் அனுப்பினால் பெரும்பாலும் செஃப்ட்ஸ் என்ற வழியில்தான் போகிறது. அது லங்காபே என்ற நிறுவனம் நடத்துவது, இரவு பகல், ஞாயிறு போயா என்று பார்க்காமல் உடனுக்குடன் போய்ச் சேரும். ஸ்லிப்ஸ் என்று பழைய வழி ஒன்றும் இருக்கிறது (ரசீது ஸ்லிப் வேறு, இது வேறு), அது தொகுதி தொகுதியாகப் போவது, உடனே சேராது, லீவு நாளில் போட்டால் வேலை நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே "பேங்க் லீவு, திங்கட்கிழமைதான் காட்டும்" என்று ஒருவர் சொல்வது எல்லா நேரமும் பொய் அல்ல. உண்மையாகவே ஸ்லிப்ஸில் போட்டிருக்கலாம். அது பரவாயில்லை, சாமானும் திங்கட்கிழமை போகலாம். நல்ல மனிதருக்கு அதில் கோபம் வராது.

எஸ்எம்எஸ்ஸையும் நம்பி நிற்க வேண்டாம். "உங்கள் கணக்கில் 65,000 வரவு" என்று சாதாரண கைபேசி எண்ணில் இருந்து மெசேஜ் வந்தால் அது பேங்க் அனுப்பியது அல்ல. பேங்கின் பெயரிலேயே வந்தாலும்கூட, அந்தப் பெயரைப் போலியாகப் போட்டு அனுப்ப முடியும், அது பழைய உண்மையான மெசேஜ்களுக்குக் கீழேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான், ஆப்பைத் திறந்து மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது. ஆப் இல்லாதவர்கள் ஏடிஎம்மில் பார்க்கலாம். அவர்கள் அனுப்பும் லிங்கை அழுத்தி அல்ல, நாமாகத் திறந்து.

காசோலை இதைவிட மோசம். வெள்ளிக்கிழமை பின்னேரம் உங்கள் கணக்கில் காசோலையைப் போட்டுவிட்டு, பேங்க் முத்திரை குத்திய சீட்டைப் படம் பிடித்து அனுப்புவார்கள். முத்திரை உண்மை. சீட்டும் உண்மை. சில கணக்குகளில் தொகைகூடக் காட்டும், ஆனால் எடுக்க முடியாது, ஏனென்றால் அந்தக் காசோலை மாறவில்லை. சனி ஞாயிறு தாண்டி, வேலை நாளில் அது திரும்பி வரும்போதுதான் உங்களுக்குத் தெரியும். அதற்குள் சாமான் எந்த ஊரில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

சரி, மெசினுக்கு வருவோம்.

அதை வாங்கப் போனில் பேசியவர், தான் கட்டாரில் வேலை செய்வதாகச் சொன்னார். தங்கச்சி சம்மாந்துறையில், புருசன் விட்டுப் போய்விட்டார், தையல் தெரியும், ஒரு மெசின் வாங்கிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார். என் சொந்தத் தம்பி சவூதியில் இருக்கிறான். இப்படி ஒரு கதையைக் கேட்டால் நெஞ்சு இளகாத வீடு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை இருக்கும் சொல்லுங்கள். நாங்கள் எல்லாரும் வெளிநாட்டுக் காசில் ஒரு தடவையாவது அடுப்பு மூட்டியவர்கள்தான். நான் 2,000 ரூபாய் குறைத்துத் தருவதாக நானாகவே சொன்னேன். வேண்டாம் அக்கா, முழுக்காசும் தாறன் என்றார்.

அன்று இரவு படுத்திருந்து யோசித்தபோது ஒன்று உறுத்தியது. மெசின் வாங்குகிறவர் மெசினைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. ஜூக்கி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே மோட்டர் எது என்றுதான், பழைய கிளட்ச் மோட்டரா, கரண்ட் குறைவாக இழுக்கும் சேர்வோ மோட்டரா என்று. பிறகு ஒயில் ஒழுகுதா, எத்தனை வருடம் ஓடியது, மேசைப் பலகை ஊறியிருக்கா. அவர் தைத்துப் பழகாத ஆண் என்று வைத்துக்கொண்டாலும், தங்கச்சி கேட்கச் சொல்லியிருக்க மாட்டாளா? இவர் கேட்டது இரண்டே இரண்டு. கணக்கு இலக்கம் என்ன, வீடு எங்கே.

சனிக்கிழமை ஸ்லிப் வந்ததும் ஆப்பைத் திறந்தேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் சரியாக எடுக்காது, சுற்றிச் சுற்றி நின்றது. அந்தத் தம்பி பட்டாவில் சாய்ந்துகொண்டு நிற்கிறார், போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த அதே வெட்கம் திரும்பவும் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒழுங்கை முனைக்கு நடந்து போய், சிக்னல் வந்த இடத்தில் நின்று திறந்தேன். 3,412 ரூபாய் 60 சதம். காலையில் இருந்த அதே மிச்சம்.

அப்போதுதான் ஸ்லிப்பை விரித்துப் பார்த்தேன். என் பெயர் சரி, இலக்கம் சரி. ஆனால் 65,000 இன் கடைசி மூன்று சைபரும் முன்னால் இருந்த 65 ஐ விட ஒரு மயிரிழை கீழே இறங்கி நின்றன. அதைவிடப் பெரியது, அவர் கட்டாரில் இருந்து அனுப்புகிறேன் என்றார், ஸ்லிப் இலங்கை பேங்க் ஒன்றின் ஆப். ரியால் எங்கே, மாற்று விலை எங்கே? வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பினால் ரசீதில் இரண்டும் இருக்கும், தம்பி அனுப்பும்போது பார்த்திருக்கிறேன்.

நான் கோல் எடுத்து, "காசு என்ட கணக்கில காட்டல்ல தம்பி, காட்டினதும் ஏத்துவன்" என்றேன். முதலில் அன்பாகப் பேசினார். வெளிநாட்டுக் காசு, 24 மணித்தியாலம் எடுக்கும் என்றார். அப்படியென்றால் மெசினும் அதுவரை இங்கேயே நிற்கட்டும் என்றேன். பிறகு குரல் மாறியது. "என்னக் கள்ளன் எண்டா நினைக்கிறீங்க? தங்கச்சி அழுதுகொண்டு இரிக்கிறாள், ஒரு பொம்புளையா இருந்துகொண்டு உங்களுக்கு இரக்கம் இல்லையா?" அது கொஞ்சம் சுட்டது. ஆனாலும் நான் அந்த வசனத்தையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். காசு காட்டினதும் ஏத்துவன். வேறு ஒன்றும் பேசவில்லை, வாதாடவும் இல்லை. நாலாவது தடவை சொன்னபோது போனை வைத்துவிட்டார்.

பட்டாத் தம்பி பாவம். அவரையும் போனில்தான் பிடித்திருக்கிறார்கள், சந்தியில் ஹயருக்கு நிற்கும் வாகனத்தில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து. கூலியை இறக்கும் இடத்தில் தங்கச்சி தருவாள் என்று சொல்லியிருக்கிறார்கள். தங்கச்சியின் நம்பர் என்று கொடுத்ததை என் முன்னாலேயே அடித்துப் பார்த்தார், நிறுத்தி வைத்திருந்தது. இப்படிப் போகும் சாமான் சொன்ன விலாசத்துக்குப் போகாதாம், பாதி வழியில் கோல் வந்து, இங்கே இறக்கு, ஆள் நிற்கிறான் என்பார்களாம். கடைசியில் பொலிஸ் தேடி வந்தால் வாகன நம்பர்தான் கமராவில் இருக்கும். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, டீசலுக்கு 500 ரூபாயும் கொடுத்து அனுப்பினேன். வாங்க மாட்டேன் என்றார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன், நம்பரையும் வாங்கி வைத்தேன்.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவர், "நல்ல வேலை செஞ்சாய்கா" என்று மட்டும் சொன்னார். எனக்கு அதற்குப் பிறகும் அரை மணித்தியாலம் கை நடுங்கியது.

காசே வராமல் ஏமாறுவது ஒரு வகை என்றால், காசு உண்மையாகவே வந்து மாட்டிக்கொள்வது இன்னொரு வகை. இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. என் சித்தியின் மகன் கல்முனையில் இருக்கிறான். தன்னுடைய போனை 92,000 க்கு விற்கப் போட்டான். வாங்க வந்தவர் விலை பேசவில்லை, கணக்கு இலக்கம் கேட்டார், ஒரு மணித்தியாலத்தில் காசு போட்டார். இவன் ஆப்பில் பார்த்தான், காசு இருந்தது, எடுத்தும் பார்த்தான், வந்தது. பிறகென்ன, பஸ் நிலையத்தில் வந்து நின்ற ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

ஐந்தாம் நாள் அவனுடைய பேங்க் காட் வேலை செய்யவில்லை. பேங்குக்குப் போனால், பொலிஸ் முறைப்பாடு ஒன்று இருக்கிறது, கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள். நடந்தது இதுதான். அந்த ஆள் இணையத்தில் மலிவு விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் விற்பதாகப் பொய் விளம்பரம் போட்டிருக்கிறான். தெற்கில் எங்கேயோ ஒரு மனிதர் அதை நம்பி முற்பணம் கட்டச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு அவன் கொடுத்த கணக்கு இலக்கம் என் சித்தி மகனுடையது. அவர் மோட்டார் சைக்கிளுக்குக் காசு கட்டினார், இவன் போனுக்குக் காசு வந்தது என்று நினைத்தான், நடுவில் இருந்தவன் ஒரு சதமும் செலவழிக்காமல் போனோடு போய்விட்டான். காசு கட்டிய மனிதரின் கண்ணுக்கு என் சித்தி மகன்தான் கள்ளன். அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் கையில் இருக்கும் ஒரே பெயர் இவனுடையது.

இவன் தப்பியது, எதையும் அழிக்காமல் வைத்திருந்ததால். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு முழுவதும், போன் வாங்கிய பில், அந்தப் போனுக்கென்றே உள்ள ஐஎம்ஈஐ இலக்கம் இருந்த பெட்டி, எல்லாவற்றையும் கொண்டு போய் வாக்குமூலம் கொடுத்தான். அப்படியும் கணக்குத் திறக்க இரண்டு மாதத்துக்கு மேல் போனது. சம்பளம் அதற்குள்தான் விழுந்துகொண்டிருந்தது. சித்தி நகையை அடகு வைத்து வீட்டை ஓட்டினார்.

அதற்குப் பிறகு நான் காசு வந்ததா என்று மட்டும் பார்ப்பதில்லை, யாருடைய காசு என்றும் பார்க்கிறேன். முன்னால் நிற்கிறவர் சொல்லும் பெயரும் வரவில் காட்டும் பெயரும் ஒன்றா? இல்லாவிட்டால் யார் இவர் என்று கேட்பேன். மனைவி, மச்சான் என்றால் அவரோடு ஒரு வார்த்தை பேசுவேன், "நீங்க எதுக்குக் காசு போட்டீங்க?" என்று. தையல் மெசினுக்கு என்றால் சரி. மோட்டார் சைக்கிளுக்கு என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே எல்லாம் வெளிச்சமாகிவிடும். அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் என்ன சாமான் என்று எழுதச் சொல்வேன். அப்புறம், வந்து சாமானைப் பார்க்காத ஒருவருக்குக் கணக்கு இலக்கம் கொடுப்பதே இல்லை. நடுவில் நிற்பவனுக்கு முதலில் தேவைப்படுவது அந்த இலக்கம்தான்.

ஆளே இல்லாமல், போனிலேயே முடிக்கிற ஏமாற்றும் உண்டு. கூரியர்காரன் காசோடு வருவான், காசைப் பெற்றுக்கொள்ள இந்த லிங்கில் உங்கள் காட் இலக்கத்தைப் போடுங்கள் என்பார்கள். அல்லது நீங்கள் உண்மையான விற்பனையாளரா என்று பார்க்க ஒரு கோட் அனுப்பியிருக்கிறேன், சொல்லுங்கள் என்பார்கள். காசு வருவதற்குத் தேவையானது பெயர், பேங்க், கிளை, கணக்கு இலக்கம், இவ்வளவுதான். ஓடிபி, அதாவது பேங்க் மெசேஜில் அனுப்பும் அந்தக் கோட், காசு வெளியே போவதற்கு. அந்த மெசேஜை முழுவதும் வாசித்தால் பெரும்பாலும் அதிலேயே எவ்வளவு தொகை, எங்கே போகிறது என்று எழுதியிருக்கும், நாம்தான் இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மேலே இருப்பதை விட்டுவிடுகிறோம். வாட்ஸ்அப்பின் ஆறு இலக்கக் கோட்டைச் சொன்னால் உங்கள் வாட்ஸ்அப்பே அவர்கள் கைக்குப் போய்விடும், மறுகா உங்கள் பெயரில் உங்கள் பெரியம்மாவிடம் அவசரமாகக் காசு கேட்பார்கள். கியூஆரும் அப்படித்தான், லங்காகியூஆரில் ஸ்கேன் பண்ணுகிறவர் காசு கொடுக்கிறவர். காசு வாங்க நீங்கள் எதையும் ஸ்கேன் பண்ணத் தேவையில்லை. கூடுதலாகப் போட்டுவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பதும் வரும். 56,000 க்குப் பதிலாக 65,000 என்று ஸ்லிப் காட்டி, 9,000 ஐ இந்த நம்பருக்கு அனுப்புங்கள் என்று. ஒன்றுமே வராத கணக்கில் இருந்து உங்கள் சொந்தக் காசு போகும்.

யாருக்காவது ஏற்கனவே நடந்துவிட்டதென்றால், தயவுசெய்து அழுதுகொண்டு ஒரு நாளைப் போக விடாதீர்கள். நான் விட்டேன். காசோ காட் விபரமோ போயிருந்தால் முதல் வேலை பேங்குக்குக் கோல் எடுப்பது, நம்பர் பேங்க் காட்டின் பின்பக்கத்தில் இருக்கும். காசு அங்கே இன்னும் எடுபடாமல் இருந்தால் நிறுத்த வாய்ப்பு உண்டு, நேரம் போகப் போக அது குறையும். கோபத்தில் அவர்களை புளொக் பண்ண வேண்டாம், பேச்சை அழிக்க வேண்டாம், நம்பர் தெரியும்படி எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். உங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை வாங்குங்கள். சின்னக் காசு என்று உங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தால், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, கொழும்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இதற்கென்றே ஒரு பிரிவும் இருக்கிறது. 101 க்கு அடித்தால் இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தில் வழி சொல்வார்கள். பேங்க் சரியாகப் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935. என் 21,000 திரும்பி வரவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் நாலாம் நாள்தான் பொலிஸுக்கே போனேன்.

இன்னொன்று, பெடியன்மாருக்கு. உன் கணக்கில் கொஞ்சக் காசு வரும், எடுத்துத் தந்தால் உனக்கு ஒரு பங்கு என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் வந்து விழுவது இப்படி யாரோ ஒரு ராத்தாவின் எட்டு நாள் நெசவு. பொலிஸ் வருவதும் உங்கள் வீட்டுக்குத்தான்.

மெசின் கடைசியில் விற்றது. சித்தாண்டியில் இருந்து ஒரு தங்கச்சி புருசனோடு வந்தா. வரும்போதே ஒரு துண்டு வெள்ளைப் பொப்ளின் கொண்டு வந்திருந்தா. உட்கார்ந்து நூலைக் கோர்த்து, நேராக ஒரு தையல், மடித்து ஒரு தையல், பிறகு துணியைத் திருப்பிப் பிடித்து அடி நூல் எப்படி விழுந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்தா. ஒயில் தட்டைக் குனிந்து பார்த்தா. கிளட்ச் மோட்டர், சத்தம் இருக்கும், ஆனால் இழுவை நல்லது என்று நான் சொன்னதற்குத் தலையை ஆட்டினா. 65,000 ஐ 61,000 ஆக்குவதற்கு அரை மணித்தியாலம் பேசினா. இருபது பொபினும் கால் செட்டும் தையல் கத்திரிக்கோலும் சேர்த்துக் கேட்டா, கத்திரிக்கோலைத் தவிர எல்லாம் கொடுத்தேன்.

நான் அந்தப் பட்டாத் தம்பிக்குத்தான் கோல் எடுத்தேன். அவர் வந்து அதே மெத்தைத் துண்டை விரித்தார். அந்தப் பிள்ளையின் புருசன் தன் போனில் காசை அனுப்பிவிட்டு, போய்விட்டது என்று திரையை எனக்குக் காட்டினார். நான் வாயைத் திறக்க முன்னமே அந்தத் தங்கச்சி சொன்னா, "இரிங்க அக்கா, உங்களுக்கு வந்திட்டா எண்டு பாருங்க. வந்தாப் பிறகு ஏத்துவம்."

நாங்கள் நாலு பேரும் ஒழுங்கை முனைக்கு நடந்து போனோம். ஆப் ஒரு சுற்றுச் சுற்றித் திறந்தது. அவருடைய பெயர், குறிப்பில் தையல் மெசின், 61,000.

"ஏத்துவமா அக்கா?" என்றார் தம்பி.

"ஏத்துங்க."